பந்தை என் கையில் கொடுத்த பையன்

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான். உங்கள் மகனின் அணி ஐந்து புள்ளி பின்தங்கியிருக்கிறது. ஏழு பேர் ஆடும் ரக்பி, கடைசி இரண்டு நிமிடம். எதிரணி தன் கோல் கோட்டுக்கு முன்னால் நின்று தடுத்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு விசிலுக்குப் பிறகும் ஒருவன் பந்தைக் கையிலேயே வைத்துக்கொள்கிறான், இன்னொருவன் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டுகிறான், மூன்றாமவன் பின்வாங்க வேண்டிய பத்து மீட்டரை மாப்பிள்ளை ஊர்வலம் போல நடந்து கடக்கிறான். நடுவர் கையை ஆட்டி ‘வேகம், வேகம்’ என்கிறார். அட்டை எதையும் எடுக்கவில்லை. ஆட்டம் முடிந்துவிடுகிறது. தற்காப்பில் இருப்பவர்கள் இப்படி நேரத்தைக் கடத்தினால் நடுவர் எதை வைத்துத் தீர்மானிக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்விக்குள் இன்னொன்றும் இருக்கிறது: மெதுவாக இருப்பது எந்த நொடியில் குற்றமாகிறது? முதல் கேள்விக்கு விதிப்புத்தகம் நன்றாகவே பதில் சொல்லும். இரண்டாவதற்கு ஓரளவுதான் சொல்லும்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், என் பதிலை எவ்வளவு நம்பலாம் என்று நீங்கள் எடைபோட அது உதவும். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழும் மலையாளமும் ஒரே பெஞ்சில் உட்காரும் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியர். தமிழ் வகுப்புப் பிள்ளைகள் ‘சார்’ என்பார்கள், மலையாள வகுப்புப் பிள்ளைகள் ‘மாஷே’ என்பார்கள். எதிராக விசில் ஊதினால் இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி முறைக்கும். சடுகுடுவில் வளர்ந்தவன், ரக்பிக்குப் பிற்பாடுதான் வந்தேன். 14 ஆண்டுகளாகப் பள்ளி, கல்லூரி, மாவட்ட அளவு ஆட்டங்களுக்கு நடுவராக நிற்கிறேன், பெரும்பாலும் ஏழு பேர் ரக்பி. பெரிய அரங்கம், வீடியோ நடுவர், திரையில் ஓடும் நொடிக் கடிகாரம் ஆகியவற்றோடு நான் வேலை செய்ததில்லை. அந்த உலகத்தைப் பற்றி இங்கே சொல்வதெல்லாம் படித்தும் பார்த்தும் அறிந்தவை. மண் மைதானத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் பட்டு அறிந்தவை.

எங்கள் எல்லைப் பக்கத்தில் கடத்தல் என்றால் முதலில் ஞாபகம் வருவது ரேஷன் அரிசிதான். அரிசி கடத்துகிறவனையும் நேரம் கடத்துகிறவனையும் பிடிப்பதில் ஒரே சங்கடம் உண்டு: இருவரும் யோக்கியமான முகத்தோடுதான் வருவார்கள். இன்னொரு வேடிக்கை, மலையாளத்தில் ‘பதுக்கெ’ என்றால் மெதுவாக என்று பொருள். தமிழில் பதுக்குவது என்றால் ஒளித்து வைப்பது. தற்காப்பு ஆட்டக்காரன் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறான். இதில் பையன்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் பார்த்து வளர்ந்த ஆட்டம் கபடி. முன்னணியில் இருக்கும் அணியின் ஆள் பாடிப் போய், எதிர்க்களத்தில் தாண்ட வேண்டிய கோட்டைத் தாண்டிவிட்டு, 30 நொடியில் பெரும்பகுதியை அங்கேயே அசைந்து அசைந்து செலவழித்துவிட்டுத் திரும்புவான். கூட்டம் கைதட்டும். அது குற்றம் அல்ல, சாமர்த்தியம். அதற்கும் ஒரு விலை வைக்க வேண்டும் என்றுதான், 2014இல் தொடங்கிய புரோ கபடியில் ஓர் அணி தொடர்ந்து இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது முறை புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அவுட் என்று வைத்திருக்கிறார்கள். அதாவது கபடி இந்த வேலையை எண்ணிக்கையிடம் ஒப்படைத்துவிட்டது. ரக்பியில் அதில் பெரும்பங்கு இன்னும் நடுவரின் கண்ணிடமே இருக்கிறது.

உறுதியாகச் சொல்லக்கூடியவற்றை முதலில் சொல்கிறேன். ரக்பி விதிகளில் 9ஆம் விதி முறைகேடான ஆட்டத்தைப் பற்றியது. ஆட்டக்காரர் நேரத்தை வீணடிக்கக் கூடாது என்று அதிலேயே நேரடியாக எழுதியிருக்கிறது. தண்டனை ஃப்ரீ கிக், அதாவது எதிரணி பந்தைக் காலால் தட்டியோ உதைத்தோ தடையில்லாமல் ஆட்டத்தைத் தொடரலாம். அதே விதியில் அதற்குச் சற்று முன்னால், எந்த விதியையும் வேண்டுமென்றே மீறக் கூடாது என்றும் இருக்கிறது. அதற்குத் தண்டனை பெனால்டி; அது இன்னும் கடுமையானது, அதிலிருந்து நேராகக் கோலுக்கும் அடிக்கலாம். ஒரே செயலை இந்த இரண்டில் எதில் அடைப்பது என்பதை நடுவரிடம் விட்டிருக்கிறார்கள். ஃப்ரீ கிக்கிலிருந்து நேராகக் கோலுக்கு அடித்துப் புள்ளி எடுக்க முடியாது. முன்பு ஃப்ரீ கிக் கிடைத்தால் அதற்குப் பதிலாக ஸ்க்ரம் (இரு அணியின் முன்வரிசைக்காரர்களும் தோளோடு தோள் பூட்டித் தள்ளிப் பந்தை எடுப்பது) கேட்கலாம். ஆட்டத்தின் ஓட்டத்தைக் கூட்டுவதற்காக 2024 ஜூலை முதல் அதுவும் கிடையாது. ஆகவே, தன் கோட்டருகே நின்று தடுத்துக்கொண்டிருக்கும் அணியைப் பொறுத்தவரை ஒரு ஃப்ரீ கிக் கொடுப்பது பெரிய நஷ்டமே இல்லை. இதைப் பயிற்சியாளர்கள் நன்றாகவே அறிவார்கள்.

உங்கள் மகனின் ஆட்டத்துக்கு நேராகப் பொருந்துவது 20ஆம் விதி, பெனால்டி பற்றியது. விசில் ஊதியதும் தவறு செய்த அணி உடனே பத்து மீட்டர் பின்னால் போக வேண்டும். கோல் கோடு அதற்கும் அருகில் இருந்தால் அதுவரை போனால் போதும். எதிரணி பந்தைத் தட்டி உடனே ஓடத் தொடங்கிவிட்டாலும் இவர்கள் பின்வாங்கிக்கொண்டேதான் இருக்க வேண்டும்; நடுவழியில் திரும்பிப் பிடிக்கக் கூடாது. பந்தை எடுத்துக்கொண்டு போவது, எட்டாத தூரத்துக்கு எறிவது, உதைத்துத் தள்ளுவது எல்லாம் குற்றம் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. தண்டனை, முதல் இடத்திலிருந்து பத்து மீட்டர் முன்னால் இன்னொரு பெனால்டி. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. அந்த மாலையில் யாராவது பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தால், ‘வேகம்’ என்று நடுவர் சொன்னது போதாது.

ஆனால் இங்கே ஓர் ஓட்டை இருக்கிறது. பெனால்டி எடுக்கும் இடம் கோல் கோட்டுக்கு ஐந்து மீட்டருக்குள் வராது. ஏற்கெனவே ஐந்து மீட்டரில் நடக்கும் பெனால்டியை யாராவது தாமதப்படுத்தினால், நடுவர் பத்து மீட்டர் முன்னே கொண்டுபோக அங்கே இடமே இல்லை. நடுமைதானத்தில் பல்லோடு இருக்கும் தண்டனை, கோட்டருகே வரும்போது பொக்கை வாயாகிவிடுகிறது. நேரம் கடத்துவது மிகவும் லாபமாக இருக்கும் இடத்தில்தான் அதற்கான தண்டனை மிகவும் பலவீனமாக இருக்கிறது என்பது என் அனுபவம். அதனால் அந்த இடத்தில் நடுவர் தன்னிடமிருக்கும் மற்றக் கருவிகளை எடுத்தாக வேண்டும். அதற்கு வருவதற்கு முன் என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு டிசம்பர் மாலை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. புல் இல்லாத செம்மண் மைதானம், கோல் கம்பங்களாகக் கமுக மரம் நட்டிருந்தோம், அவையும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. ஏழு பேர் ஆட்டம், ஒன்றரை நிமிடம் மீதி, இரண்டு புள்ளி வித்தியாசம். கோட்டுக்கு எட்டு மீட்டர் முன்னால் தற்காப்பு அணிக்கு எதிராகப் பெனால்டி ஊதினேன். பந்து தற்காப்பு அணிப் பையன் ஒருவன் கையில் இருந்தது. பதினைந்து வயது இருக்கும், முழங்கையில் சிராய்ப்பு. எதிரணியின் ஸ்க்ரம் ஹாஃப், அதாவது பந்தை எடுத்துக் கொடுக்கும் ஆட்டக்காரன், இரண்டடி தூரத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். பையன் அவனைச் சுற்றிக்கொண்டு என்னிடம் நான்கைந்து எட்டு நடந்து வந்தான். இரண்டு கையாலும் பந்தை ஏந்தி, கோவிலில் தட்டை நீட்டுவது போல நீட்டி, ‘சார், பந்து’ என்றான். நான் வாங்கிக்கொண்டேன். நன்றி என்றுகூடச் சொன்னேன்.

பிறகு நான் அந்தப் பந்தை ஸ்க்ரம் ஹாஃபிடம் தர வேண்டும். அவன் அதை வாங்கி இடத்துக்குப் போக வேண்டும். அதற்குள் ஆறு பேரும் கோட்டின் மேல் வரிசையாக நின்றுவிட்டார்கள், மூச்சும் வாங்கிவிட்டார்கள். ஆறேழு நொடிதான் போயிருக்கும். விசில் ஊதிய நொடியில் அங்கே இடதுபக்கம் யாருமே இல்லை என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. பந்தைத் தட்டியிருந்தால் டிரைதான்: கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்து ஐந்து புள்ளி. நேரம் கடத்தியவன் அந்தப் பையன். கடத்தலுக்கு வண்டி ஓட்டிக் கொடுத்தவன் நான். தோற்ற அணியின் தலைவன் ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து ஒன்றும் சொல்லாமல் கை குலுக்கிவிட்டுப் போனான். திட்டியிருந்தால் தேவலை.

அன்றைக்குப் பிறகு எனக்கென்று ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டேன். எத்தனை நொடி போயிற்று என்று எண்ணுவதில்லை. தவறு செய்யாத அணிக்கு விசில் ஊதிய கணத்தில் என்ன வாய்ப்பு இருந்தது, இப்போது அது இருக்கிறதா என்று பார்க்கிறேன். எதிரணி அவசரமே காட்டாமல் பேசிக்கொண்டு நிற்கும்போது தற்காப்பு ஆட்டக்காரன் பதினைந்து நொடி பந்தை வைத்திருந்தாலும் அவன் எதையும் பறிக்கவில்லை. ‘பந்தைப் போடு தம்பி’ என்றால் முடிந்தது. எதிரணியில் ஒருவன் பந்துக்குக் கை நீட்டிவிட்டால் இரண்டு நொடிகூடத் திருட்டுதான். எல்லைச் சாவடியில் நிற்கிறவர் லாரியின் வேகத்தைப் பார்க்க மாட்டார், அதன் பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்ப்பார். அது போலத்தான். இது என் அளவுகோல், விதியில் இப்படி எழுதியிருக்கவில்லை. விதி சொல்லும் தாமதம் என்ற சொல்லை நடைமுறையில் எப்படிப் படிப்பது என்பதற்கு எனக்குக் கிடைத்த வழி இது.

இதை வைத்துப் பார்த்தால், நிறையப் பேர் சொல்லும் சுலபமான மருந்து ஒன்று ஏன் வேலை செய்வதில்லை என்பது புரியும். ‘கடிகாரத்தை நிறுத்திவிட வேண்டியதுதானே’ என்பார்கள். ரக்பியில் கால்பந்து போலக் கடைசியில் நேரம் சேர்ப்பது இல்லை. தேவைப்படும்போது கடிகாரமே நிறுத்தப்படுகிறது. நடுவருக்கு அந்த அதிகாரம் உண்டு, அது நல்ல அதிகாரமும்கூட. பந்து தொலைந்தால், அடிபட்டால் நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் கடிகாரத்தை நிறுத்தினால் நொடி மட்டும் திரும்பக் கிடைக்கும். கலைந்து கிடந்த தற்காப்பு வரிசை அதற்குள் கூடிவிடும், நின்றுபோன மூச்சு திரும்பிவிடும், உடனே தட்டி ஓடும் வாய்ப்பு போய்விடும். ஏழு பேர் ஆட்டத்தில் ஏழு நிமிடப் பாதியின் ஆறாவது நிமிடத்தில் பையன்களுக்கு வேண்டியது நேரம் அல்ல, மூச்சு. நடுவர் கடிகாரத்தை நிறுத்திக் கண்டிப்பாகப் பேசுகிற அந்த இருபது நொடி, நேரம் கடத்தியவனுக்குக் கிடைக்கும் சன்மானம். ஆகவே என் பழக்கம், அப்படிப்பட்ட நேரத்தில் கடிகாரத்தை ஓட விட்டுவிட்டுத் தண்டனையை உடனே கொடுப்பது. பேச வேண்டியதை அடுத்து ஆட்டம் தானாக நிற்கும்போது பேசுவது.

கடைசி நிமிடத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணமும் பரவலாக இருக்கிறது. நேரம் முடிந்ததும் ஆட்டம் முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் பையன்கள் பந்தைப் பதுக்குகிறார்கள். ரக்பியில் அப்படி இல்லை. நேரம் முடிந்த பிறகு பந்து செத்தால்தான், அதாவது ஆட்டத்தை விட்டு நீங்கினால்தான், ஆட்டம் முடியும். அந்த வேளையில் பெனால்டியோ ஃப்ரீ கிக்கோ ஊதப்பட்டால் ஆட்டம் தொடரும். பெனால்டியை எல்லைக்கோட்டுக்கு வெளியே அடித்து லைன்அவுட்டும் (வெளியே போன பந்தை இரு அணி வரிசைக்கும் நடுவே எறிந்து தொடங்குவது) ஆடலாம். நேரம் முடிவதற்கு முன்பே வழங்கப்பட்டு, இன்னும் ஆடாமல் நிற்கும் ஸ்க்ரமும் லைன்அவுட்டும் கூட ஆடியாக வேண்டும். அதனால் முப்பது நொடி மீதமிருக்கும்போது லைன்அவுட்டுக்கு ஆடி அசைந்து வருகிற அணி அந்த லைன்அவுட்டைத் தடுத்துவிட முடியாது. அது பறிப்பது அதற்கு அடுத்த வாய்ப்பை. லைன்அவுட்டிலிருந்து வரும் பந்து ஒரு தடவை கை நழுவி முன்னால் விழுந்தால் அத்தோடு கதை முடிந்தது. தாமதம் இல்லாமல் ஆடியிருந்தால் இன்னொரு ஸ்க்ரமுக்கு நேரம் இருந்திருக்கும். உங்கள் மகனின் அணி எதை இழந்தது என்று பார்க்கும்போது இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. தற்காப்பு அணி நேரத்தைத் திருடும் பெரிய இடம் விசிலுக்குப் பிந்தைய இடைவெளி அல்ல, டேக்கிளுக்குப் பிறகு பந்து தரையில் கிடக்கும் இடம். ஆளைப் பிடித்து வீழ்த்தியவன் உடனே பிடியை விட்டு, உடனே விலக வேண்டும் என்பது 14ஆம் விதி. பார்வையாளர் வரிசையிலிருந்து பார்த்தால் அங்கே ஒரு குவியல்தான் தெரியும். நடுவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் வேறு காட்சி: பந்தின் மேல் குறுக்கே ஒருவன் மல்லாந்து கிடப்பான், இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கிக் காட்டுவான், ‘நான் தொடவில்லை, மாஷே’ என்பது போல. கை சுத்தம். இடுப்பு மட்டும் பந்தை அழுத்திக்கொண்டிருக்கும். பந்து மூன்று நொடி தாமதமாக வெளியே வந்தால் தற்காப்பு வரிசை முழுவதும் மறுபடி நின்றுவிடும். ஓர் ஆட்டத்தில் இப்படி எத்தனை குவியல் உண்டு என்று எண்ணிப் பாருங்கள். பூட்ஸ் கயிறு கட்டியதெல்லாம் சில்லறை. அதனால் நான் கையைப் பார்ப்பதை விட்டுவிட்டேன், முழங்காலைப் பார்க்கிறேன். உண்மையிலேயே மாட்டிக்கொண்டவனின் முழங்கால் வெளியே போக முண்டிக்கொண்டே இருக்கும். நடிக்கிறவனின் முழங்கால் ஓய்வெடுக்கும்.

பந்தை வைத்திருக்கும் அணியும் இதே வேலையைச் செய்யும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரக்கில், அதாவது தரையில் கிடக்கும் பந்துக்கு மேல் இரு அணியும் நின்று முட்டும் இடத்தில், பந்து தெளிவாகக் கிடைத்து வெளியே எடுக்கத் தயாராக இருந்தால், நடுவர் குரல் கொடுத்த ஐந்து நொடிக்குள் அதை ஆடியாக வேண்டும். பதினைந்து பேர் ஆட்டத்தில் பெனால்டியைக் கோலுக்கு அடிக்கப் போவதாகச் சொன்னால் 60 நொடி. நம் கணவாய்க் காற்றில் பந்து உருண்டு விழுந்து திரும்ப நிறுத்த வேண்டி வந்தாலும் அதே 60 நொடிதான், சலுகை கிடையாது. ஸ்க்ரமுக்கு இரு அணியும் 30 நொடிக்குள் தயாராக வேண்டும். இங்கெல்லாம் நொடி எண்ணி எழுதியிருப்பதால் நடுவருக்குத் தலைவலி குறைவு.

எண்ணி எழுதாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு 2022 செப்டம்பர் 15ஆம் தேதி மெல்போர்னில் நடந்ததைச் சொல்லலாம். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஆடிய பிளெடிஸ்லோ கோப்பை ஆட்டம். ஆஸ்திரேலியா 37-34 என்று முன்னணியில் இருந்தது. நியூசிலாந்தின் அழுத்தத்தைத் தாங்கி, தன் கோல் கோட்டுக்குச் சற்று முன்னால் அது ஒரு பெனால்டியைச் சம்பாதித்துவிட்டது. பந்தை வெளியே அடித்துவிட்டால் ஏறக்குறைய வெற்றி. அடிக்க வேண்டியவர் பெர்னார்ட் ஃபோலி. பிரெஞ்சு நடுவர் மத்தியூ ரெனால் கடிகாரத்தை நிறுத்தி, ஆடச் சொல்லி, மறுபடி ஓட விட்டார். ஃபோலி அதன் பிறகும் நின்றார், பக்கத்தில் இருந்தவர்களோடு பேச்சு வேறு. ரெனால் விசில் ஊதி நியூசிலாந்துக்கு ஸ்க்ரம் கொடுத்துவிட்டார். அதிலிருந்து ஜோர்டி பாரெட் டிரை போட்டார், நியூசிலாந்து 39-37 என்று வென்றது.

பெனால்டியைத் தாமதமின்றி எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் எதிரணிக்கு ஸ்க்ரம் என்று விதியில் இருக்கிறது. ஆகவே ரெனால் சட்டப்படி சரி என்பதில் எனக்கு ஐயமில்லை. அது பொருத்தமான முடிவா என்பதில் நடுவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. அத்தனை ஆண்டுகள் யாரும் தண்டிக்காமல் விட்ட ஒன்றை, ஆட்டத்தின் தலைவிதியைத் தீர்மானிக்கும் நொடியில் திடீரென்று தண்டிப்பது நியாயமா என்பது ஒரு தரப்பு. முன்பே சொல்லிவிட்டுத்தான் செய்தார் என்பது மறுதரப்பு. நான் இரண்டாவது கட்சி, ஆனால் முதல் கட்சியின் வாதத்தில் எனக்கு ஒரு பாடம் இருந்தது. நேரம் கடத்துவதை முதல் பாதியின் மூன்றாவது நிமிடத்திலேயே கண்டிக்காத நடுவர், கடைசி நிமிடத்தில் கண்டித்தால் அது தண்டனை போலத் தெரியாது, பாரபட்சம் போலத் தெரியும். உங்கள் மகனின் ஆட்டத்தில் நடுவர் அட்டையை எடுக்கத் தயங்கியதற்கு இதுவே காரணமாக இருந்திருக்கலாம். நான் அங்கே இல்லை, ஊகம்தான்.

இனி சந்தேகமான பகுதி. அடிபட்டதாகக் கீழே விழுபவன். ரக்பியில் ஒருவனுக்குச் சிகிச்சை நடக்கும்போதே ஆட்டம் தொடரலாம். ஆபத்து என்று தோன்றினால்தான் நடுவர் உடனே நிறுத்துவார். நிறுத்தினாலும் சாதாரணக் காயத்துக்கு ஒரு நிமிடம் வரை, பலத்த காயம் என்றால் தேவையான அளவு. நடிப்பு என்று நடுவருக்கு உறுதியாகத் தெரிந்தால் அது விளையாட்டு நெறிக்கு எதிரான செயல், பெனால்டி கொடுக்கலாம். உறுதியாகத் தெரிவது எப்போது? எனக்கு ஒருபோதும் தெரிந்ததில்லை. ஒருமுறை பெனால்டிக்குப் பின்வாங்காமல் நொண்டிக்கொண்டிருந்த பையனை ‘நாடகம் போதும், எழுந்து ஓடு’ என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டேன். மறுநாள் கட்டுப் போட்ட காலோடு, அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கு வந்தான். அதிலிருந்து காயத்தைப் பொறுத்தவரை நான் ஏமாறத் தயாராக இருக்கிறேன். பத்து பேர் நடித்து ஏமாற்றட்டும். தலையில் அடிபட்டது போலத் தெரிந்தால் கேள்வியே கேட்காமல் நிறுத்துவேன், ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் சரி.

பத்து மீட்டரை நடந்து கடப்பதும் இப்படித்தான், தோற்றத்தை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. ‘உடனே’ என்று விதி சொல்கிறது. ‘ஓடி’ என்று சொல்லவில்லை. களைத்துப்போனவன் நடப்பான். நான் பார்ப்பது அவன் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று. தன் கோட்டைப் பார்த்து நடப்பவனை விட்டுவிடுவேன், எதிரணி அவனைத் தாண்டி ஓடிக்கொள்ளட்டும். அவன் குறுக்கே வராத வரை எதையும் கெடுக்கவில்லை. பந்தைப் பார்த்துக்கொண்டே, கையை லேசாக அகட்டி, சரியாக எதிரணி ஓட வேண்டிய வழியில் பின்னோக்கி நடப்பவன்தான் ஆள்.

கயிறு கட்டுவது, தண்ணீர் குடிப்பது எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: அவன் இல்லாமல் ஆடலாம், எதிரணியை ஆட விடுங்கள். ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்பதற்காக ஏன் எல்லோரும் காத்திருக்க வேண்டும்? இரண்டு தடவை இப்படி அவனை விட்டுவிட்டு ஆடிப் பாருங்கள், கயிறு தானாகவே இறுகிவிடும்.

சரி, உங்கள் மகனின் ஆட்டத்தில் நான் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன்? முதல் தடவை பந்தைப் பிடித்துக்கொண்டவன் மீது பத்து மீட்டர், இடம் இருந்தால். அந்த அணியின் தலைவனைக் கூப்பிட்டு ஒரே வாக்கியம்: ‘இனி யார் செய்தாலும் அட்டை.’ அணியில் இரண்டு மொழிப் பிள்ளைகளும் இருந்தால் இரண்டு மொழியிலும் சொல்வேன், பிறகு ‘புரியவில்லை’ என்று வரக் கூடாது. இரண்டாவது தடவை மஞ்சள் அட்டை, யார் செய்திருந்தாலும். ஒரே தவறை அணியாகச் சேர்ந்து திரும்பத் திரும்பச் செய்வதே தனிக் குற்றம் என்று 9ஆம் விதி சொல்கிறது, ஆகவே ‘நான் இப்போதுதானே முதல் தடவை’ என்ற வாதம் எடுபடாது. ஏழு பேர் ஆட்டத்தில் மஞ்சள் அட்டை என்றால் இரண்டு நிமிடம் வெளியே. உங்கள் ஆட்டத்தில் அது மீதி ஆட்டம் முழுவதும். ஏழுக்கு ஆறு. கொடுமையான தண்டனைதான், அதனால்தான் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். இன்னும் ஒரு படி மேலே, யாராவது தட்டி ஓடியவனைப் பின்வாங்காதவன் ஒருவன் கோட்டருகே பிடித்து நிறுத்தியிருந்தால், அது இல்லாவிட்டால் டிரை விழுந்திருக்கும் என்று எனக்குத் தோன்றினால், பெனால்டி டிரை. 7 புள்ளி, கூடவே அட்டை. ஐந்து புள்ளி வித்தியாசம் அங்கேயே கவிழ்ந்திருக்கும்.

அந்த நடுவர் செய்தது தவறா என்றால், நீங்கள் விவரித்தபடியே நடந்திருந்தால், ஆம், குறைவாகச் செய்தார். ஆனால் பந்து யார் கையில் எத்தனை நொடி இருந்தது என்பது ஓரத்தில் நிற்கும் பெற்றோருக்கு எப்போதும் இரண்டு மடங்காகத் தெரியும். என் மகள் ஆடும்போது எனக்கும் அப்படித்தான் தெரிகிறது.

உங்களால் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அது நடுவரைப் பற்றியது அல்ல. எங்கள் ஊர் ஆட்டங்களில் பாதி நேரம் போவது மைதானத்தை ஒட்டிய கடலைக் காட்டில்தான். வெளியே போன பந்தை எடுக்கப் போகிறவன் தற்காப்பு அணிக்காரனாக இருந்தால், வேலியைத் தாண்டி, பாத்தி மிதிபடாமல், செடியைத் தடவிக் கொடுத்துக்கொண்டு வருவான். தோட்டக்காரர் அவனைத்தான் நல்ல பையன் என்பார். நேரத்தை வீணடித்தான் என்று அவனைத் தண்டிக்கப் பிடி கிடைக்காது, நான் கடிகாரத்தை நிறுத்திவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பேன். அடுத்த ஆட்டத்துக்குப் போகும்போது உங்கள் பையில் ஒரே அளவில் இரண்டு பந்து அதிகமாக எடுத்துப் போங்கள். காற்றும் அடைத்துக்கொண்டு போங்கள், அங்கே பம்ப் இருக்காது.